வீட்டுக்காரர் அழைக்கிறார்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் வாடையோடு வருவார், சாப்பிடுவார், "ம்" என்பார். அந்த "ம்"முக்கு உப்புக் குறைவு என்று அர்த்தமா, கூடுதல் என்று அர்த்தமா என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் பல் தெரிய அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சுபாவமே அப்படி என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் குடும்பம் நடத்தினேன்.

புதுப் போன் வந்து அதில் மண்ணைப் போட்டது. ஆன் செய்ததுமே, இதில் இருக்கிற நம்பர்களை இன்டர்நெட்டில் இருக்கிற உன் நட்பு வட்டத்தோடு இணைக்கட்டுமா என்று கேட்டது. பதில் சொல்லாமல் மேலே நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. 'சரி' அழுத்தித் தொலைத்தேன்.

மறுநாள் ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார். பனியனோடு அவர் தூங்கி வழிகிற படத்தைத்தான் அவர் நம்பருக்கு வைத்திருந்தேன். அதைக் காணோம். திரை முழுக்க வேறு படம். கையில் கேக், பக்கத்தில் அவர்கள் ஆபீஸ் ரிசப்ஷன்காரி. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள்.

பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். "யாருக்கா அது, உங்க நாத்தனாரா?"

விரிப்பு தீய்ந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் கூப்பிடும்போதெல்லாம் அவளும் வந்து நின்றாள், பஸ்ஸில், பல் டாக்டர் வரிசையில். வயிறு எரிந்தது. பொறாமைதான், இதில் என்ன ஒளிவுமறைவு. படத்தை அழித்தால் மறுநாளே திரும்பி வந்தது. போன் கடைக்குப் போனேன்.

"நீங்கதான் சரின்னு அழுத்தியிருக்கீங்க, அதான் நட்பு வட்டத்துல அவர் கணக்குல இருக்கிற படம் இங்க வருது," என்றான் கடைக்காரன்.

"அழுத்தலைன்னா போன் திறக்கலையே."

"ஆமா, திறக்காது."

இவனிடம் என்னத்தைப் பேச.

சாயங்காலம் அவர் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்தேன்.

"அந்தப் பொண்ணு பிறந்தநாளுக்கு எடுத்தது," என்றார். "ஆபீஸ்ல எல்லாருக்கும் அவதான் அந்த நட்பு வட்டத்துல கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்தா. படமும் அவளே போட்டா."

"அதைக் கேக்கலை. எதுக்கு இப்படிச் சிரிச்சீங்க?"

அவர் காது சிவந்தது. "நீ லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட கதையைச் சொல்லிட்டிருந்தேன்."

கல்யாணமான புதுசில், தான் வேலை பார்க்கிற கட்டடத்தைக் காட்டக் கூட்டிப்போயிருந்தார். அவர் கீழே நிற்க, நான் ஏறிய லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே நான் மட்டும். அவசரப் போனை எடுத்தேன். அந்தப் பக்கம் இவர்தான் என்று நினைத்து, "உங்களைக் கட்டிக்கிட்டு நான் கண்ட சுகம் இந்தப் பெட்டிதானா?" என்று ஆரம்பித்து, மாமியார் வரைக்கும் இழுத்துக் கால் மணி நேரம் வெளுத்து வாங்கினேன். கேட்டுக்கொண்டிருந்தது இவருடைய மேனேஜர். கதவைத் திறந்து என்னை வெளியே எடுத்தபோது இவர் உதடுகூட அசையவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததும் இல்லை.

"அவகிட்ட சொன்ன மாதிரியே எனக்கும் சொல்லுங்க," என்று எதிரே உட்கார்ந்தேன்.

"உனக்கெதுக்கு? உனக்குத் தெரிஞ்ச கதைதானே," என்று தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

தெரிந்த கதைதான். அதற்கு அவர் அப்படிச் சிரிப்பார் என்பதுதான் எனக்குத் தெரியாது.