தட்டு மாறிய கோதுகளும் எங்கள் அண்ணாவும்

வடமராட்சியில் பிறந்து, இடப்பெயர்வுகளில் எங்களைச் சுமந்து, சிட்னிக்கு முதலில் வந்து, பின்னர் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் கரைசேர்த்த அண்ணா அவர்கள் இன்று முருகன் திருவடியில் இளைப்பாறுகிறார். தம்பியாகிய நான் அதிகம் படித்தவனல்ல. தெரிந்ததை எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணா, தான் சேர்ந்திருந்த துப்பாக்கிச் சுடும் கழகத்திலிருந்து சுட்டுக் கழிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை, கிரவீன் பகுதியிலிருந்த தன் வீட்டுக் கராஜுக்குக் கொண்டுவருவார். புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, அளந்து, நீளம் கூடியதைச் சீவி நண்பர்களுக்குக் கொடுப்பார். சுடச்சுடக் கோது நீளுமாம். சீவாமல் மறுபடி மருந்து நிரப்பிச் சுட்டால் துவக்கே வெடித்து முகத்தில் அடிக்கலாம்.

"இஞ்சாருங்கோ, சாமி விளக்குக்கு வாங்கின புளியெல்லாம் உங்கட கோதுக்கே போகுது" என்பார் அண்ணி.

"அதுவும் பித்தளை, இதுவும் பித்தளை. முருகன் கோவிக்கமாட்டார்."

மாலையில் அண்ணி பூசை மணி அடித்தால், கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிடுவார். அப்படிப் போய்வந்த ஒரு வெள்ளிக்கிழமை, சீவிய கோதுகள் இருந்த தட்டும் சீவாதவை இருந்த தட்டும் மாறிவிட்டன. ஞாயிறு காலை மிச்சத்தைச் சீவ இருந்தவர், எல்லாம் ஏற்கெனவே சீவியவையாக இருக்கக் கண்டு வெளிறிப்போனார். சீவாதவற்றை முதல்நாளே நண்பர் பிரையனிடம் கொடுத்துவிட்டிருந்தார். பிரையன் போன் எடுக்கவில்லை; ஞாயிறென்றால் கழகத்துக்குச் சுடப் போய்விடுவார்.

அது அண்ணாவுக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலம்.

"நீங்கள் படுங்கோ அண்ணா, நான் போய்ச் சொல்லுறன்."

"பிழை என்ர. நீ காரை எடடா."

நாங்கள் கழகத்துக்குப் போய்ச் சேர, பிரையன் சுடுவதற்காகத் துவக்கோடு குப்புறப் படுத்துவிட்டார். இன்னும் சுடவில்லை. அண்ணா பொறுப்பாளரிடம் சொல்லி எல்லாரையும் நிறுத்துவித்து, அத்தனைபேர் முன்னிலையிலும் தன் பிழையைச் சொன்னார். நீ தந்ததென்று அளக்காமலே நிரப்பிவிட்டேன் என்று பிரையன் ஆங்கிலத்தில் சொல்லி, அண்ணாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். கடைசித் தோட்டாவும் பெட்டிக்குள் போனபின்தான் அண்ணா கதிரையில் இருந்தார்.

திரும்பி வரும்போது, "அந்த மனுசன் என்னை நம்பினதுதான்ரா பயமாக் கிடக்கு" என்றார்.

கடைசி நாட்களில் பக்கத்திலிருந்து பார்த்த தாதியர்க்கும், சாப்பாடு கொண்டுவந்த அயலவர்க்கும், கிரியைகள் செய்த ஐயருக்கும், எங்களோடு தோள்கொடுத்துப் பெட்டி தூக்கிய பிரையனுக்கும் கைகூப்புகிறோம்.

அண்ணா உங்களில் எவருக்கேனும் செய்ததில், சொன்னதில் குறை ஏதும் இருந்தால், இறந்தவரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று மறைக்காதீர்கள். சொல்லியனுப்புங்கள். உங்கள் வாசலுக்கு வந்து திருத்தித் தருவோம்.

அன்புத் தம்பி