பதினோரு விநாடிக் கோபம்

வைகாசி மாதத்து சனிக்கிழமை ஒன்று. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் என் கணவரின் ஊரில், மறுநாள் காலை என் மூன்று வயது மகளுக்கு மொட்டையெடுத்துக் காது குத்து. நாங்கள் குடியிருப்பது மதுரை தல்லாகுளத்தில்தான். ஆனால் குலசாமி கோயில் அந்த ஊரில் இருப்பதால், மூன்று நாள் முன்பே மூட்டை முடிச்சோடு போய் இறங்கிவிட்டோம். வாசலில் பந்தல், ஸ்பீக்கர் செட்டு, பின்பக்கம் கட்டிப்போட்ட இரண்டு கிடாய்கள் என்று வீடு களைகட்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் காது குத்து என்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். எனக்கு ஒரே தம்பி. குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிறான். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன் ஒருத்தன்தான். அவன் மடியில் என் மகள் உட்காருவதை ஊரே பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. ஆசை என்ன ஆசை, வீம்பு என்றே சொல்லலாம்.

அந்த வாரம் குவைத்துக்குப் பக்கத்து நாடுகளுக்குள் சண்டை மூண்டிருந்தது. நான் டிவி பக்கமே போகவில்லை. பந்தல்காரர் பின்னாலும் சமையல்காரர் பின்னாலும் அலையவே நேரம் போதவில்லை. வியாழக்கிழமை என் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல், "மதினி, ஒங்க தம்பி வந்துருவாருல்ல?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எனக்கு நாதியில்லை என்று குத்திக் காட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

"அதெல்லாம் வந்துருவான். எவ தடுத்தாலும் வந்துருவான்" என்றேன் வெடுக்கென்று. அவள் முகம் சுண்டிப்போனது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். "அக்கா, நேத்து இங்கன சைரன் அடிச்சாக. வான்வழிய மூடப்போறாங்கன்னு பேசிக்கிறாக. டிக்கெட்ட வேற தேதிக்கு மாத்திக்கங்கன்னு விமானக் கம்பெனிக்காரங்களே சொல்றாங்க. எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. என்னக்கா செய்ய?"

என் தம்பி பயமாக இருக்கிறது என்று சொல்கிற ஆளே இல்லை. நான் அதையாவது யோசித்திருக்க வேண்டும். என் காதில் நாத்தனார் கேட்ட கேள்விதான் ஒலித்துக்கொண்டிருந்தது. போனை வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளினேன். "ஊரே வருது, நீ வரமாட்டியா? மாமன் மடி இல்லாமலா என் மகளுக்குக் காது குத்துவேன்? நாளைக்கு நீ வரலேன்னா எனக்குப் பிறந்த வீடே இல்லேன்னு நெனச்சுக்கிறேன். போ." பதினோரு விநாடி. அனுப்பிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை "ஏறிட்டேன்க்கா" என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். விமானம் திருச்சிக்கு மூன்றரை மணிக்கு வர வேண்டும். கணவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போது, எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்றை என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மஞ்சள் நிற விமானப் படத்தை வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டி நான் அடித்த கூத்து இருக்கிறதே! "இந்தா பாருங்க, என் தம்பி வந்துக்கிட்டு இருக்கான்" என்று நாத்தனார் மூக்குக்கு நேரேயும் போனை நீட்டினேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரை மணிக்கு மேல் விமானம் கடலின் மேல் வட்டமடிக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஐந்தாவது சுற்றில் திரும்பி, வந்த வழியே போனது. அப்புறம் ஒரு இடத்தில் அசையாமல் நின்றது. பறக்கிற விமானம் எப்படி நிற்கும்? போனைத் தட்டிப் பார்த்தேன், அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மறுபடி ஆப்பைத் திறந்தபோது அந்த விமானமே இல்லை.

உள்ளே ஓடி டிவியைப் போட்டேன். அந்தப் பகுதியில் வான்வழி மூடப்பட்டது என்று கீழே எழுத்து ஓடியது. மேலே, ராத்திரியில் எடுத்த ஏதோ ஒரு படம், வானத்தில் நெருப்புக் கோடுகள். பார்த்ததும் தம்பிக்குப் போன் போட்டேன். அணைந்திருந்தது. கணவர் திருச்சியிலிருந்து, "போர்டுல தாமதம்னு மட்டும்தான் போட்டுருக்கு. பயப்படாத" என்றார். அவர் குரலே சரியில்லை.

அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாய்ஸ் மெசேஜை எடுத்தேன். மைக் படம் நீலமாகியிருந்தது. கேட்டுவிட்டான் என்று அர்த்தம். எல்லோருக்கும் அழித்துவிடலாமா என்று அழுத்திப் பிடித்தேன். அழித்து என்ன ஆகப்போகிறது? அவன் காதுக்குள் போனதை எப்படி அழிப்பது? என் குரலை நானே போட்டுக் கேட்டேன். அந்தக் கடைசி "போ" இருக்கிறதே, அதைக் கேட்டதும் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தேன். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் நான் அவனிடம் கடைசியாகச் சொன்ன சொல் அதுதானே!

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. நாத்தனார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் போன். "மதினி, எங்க வீட்டுக்காரரோட கூட்டாளி ஒருத்தர் சவுதியில இருக்காரு. அவருகிட்டச் சொல்லிருக்கேன். விசாரிச்சுச் சொல்றேன்னுருக்காரு. நீங்க தண்ணி குடிங்க."

நான் அவளையே பார்த்தேன். அவள் என் பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்து, "வியாழக்கிழமையே கேட்டேன்ல மதினி? பஸ்ல வரும்போதே போன்ல சண்டை சண்டைன்னு பார்த்தேன். அந்தப் பயத்துலதான் கேட்டேன். நீங்க கோவமாப் பேசவும் விட்டுட்டேன்" என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வெடித்தது. குத்திக் காட்டுகிறாள் என்று நான் நினைத்த பெண், என் தம்பிக்காக என்னைவிட இரண்டு நாள் முன்பே பயந்திருக்கிறாள். ஒரு நல்ல கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொண்டு, அந்தக் கோபத்தை வைத்து என் தம்பியை விமானத்தில் ஏற்றியது நான்தான்.

சத்தம் கேட்டு மாமியாரும் வந்தார். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திட்டுவார் என்று பார்த்தால், "ஏந்தாயி, பிள்ளைக்குக் காது எங்கிட்டும் ஓடிப்போகாது. நாளைக்குச் சாமிக்குப் பொங்க வைப்போம், வந்தவுகளுக்குச் சோத்தப் போடுவோம். அந்தப் பய முழுசா வந்து சேரட்டும், காதக் குத்திக்கலாம்" என்றார். இவ்வளவுதானா! இதற்கா நான் அப்படிக் குதித்தேன்?

நாலேகாலுக்கு அந்த சவுதிக்காரர் பேசினார். விமானம் அங்கே ஒரு ஊரில் பத்திரமாக இறங்கிவிட்டது, ஆட்களைக் கீழே விடவில்லை என்றார். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அரை மணி நேரம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. தம்பிதான். பக்கத்து சீட்டுக்காரர் போனை வாங்கிப் பேசினான். அவன் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அக்கா, கோவிச்சுக்காத. நாளைக்கு வர முடியாது போலருக்கு."

"அக்கா, இருக்கியா?" என்று இரண்டு தரம் கேட்டான். போனை நாத்தனார்தான் வாங்கிப் பேசினாள்.

நாலு நாள் கழித்து வந்து சேர்ந்தான். பிறகு அவன் சொன்னதுதான் இது. விமானம் திரும்பியதும் உள்ளே பெரிய ரகளையாம். ஒருத்தருக்கு மறுநாள் கல்யாணம், ஒருத்தருக்கு அம்மா ஆஸ்பத்திரியில். எல்லோரும் பணிப்பெண்களிடம் கத்தியிருக்கிறார்கள். தரையிறங்கிய பிறகு விமானியே தன் அறையிலிருந்து வெளியே வந்து, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், மூடிய வானத்துக்குள் உங்களைக் கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். முன்பின் தெரியாத அந்த மனிதர் அவனுக்காக யோசித்ததை, கூடப்பிறந்த நான் யோசிக்கவில்லை.

ஆனி மாதத்தில் அவன் மடியில் வைத்துத்தான் என் மகளுக்குக் காது குத்தினோம். ஊர் பார்த்ததா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மெசேஜை நான் இன்னும் அழிக்கவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் அவன் டிக்கெட் போட்டதாகச் சொல்லும்போது அதை ஒரு தரம் போட்டுக் கேட்டுக்கொள்வேன். அதற்குப் பிறகுதான், "முடிஞ்சா வாப்பா, முடியலேன்னா அங்கனயே பத்திரமா இரு" என்று அவனுக்குப் பதில் அனுப்ப என் வாய்க்கு வருகிறது.