கத்தரி விட்டுவைத்த ஆறு வரிகள்

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். யார் நீட்டி முழக்கினாலும் பாதியில் வெட்டிவிடுவாள் என்று நக்கலுக்குத்தான் வைத்தார்கள். அவளோ கேட்ட அன்றே அதைத் தனக்குச் சொந்தமாக்கிக்கொண்டாள்.

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கான செயலி ஒன்றை அந்த நிறுவனம் நடத்தியது. அதன் உதவி எண்ணில் பதினோரு வருடம் போன் எடுத்தவள் அவள். யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதுவரைக்கும் என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

பிறகு செயலிக்குள் ஏஐ வந்தது. பொறியாளர்களைச் சும்மா சொல்லக்கூடாது, வஞ்சனையில்லாமல் ஊட்டினார்கள். மெக்கானிக் ஒரு கேள்வி கேட்டால் போதும், அறுநூறு பக்கக் கையேடு, லிஃப்டின் பத்து வருட வரலாறு, நிறுவன விதிகள் எல்லாம் அதன் முன்னால் போய் விழும். அதுவும் பக்கம் பக்கமாகச் சம்பந்தமில்லாமல் பேசியது. காலையில் கதவு சென்சார் மாற்றியவரிடம் மாலையில் "கதவு சென்சாரை மாற்றவும்" என்றது. அந்த மெக்கானிக்கின் பட்டப்பெயர் இடி. அவர் போட்ட சத்தத்தில் கத்தரி போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள்.

"ஏஐ மாடல் சரியில்ல, வேற வாங்கணும்," என்றார் கூட்டத்தில் தலைமைப் பொறியாளர்.

"மாடல் பாவம் சார். அதுகிட்ட ஊர்க்கதை எல்லாம் சொல்றோம். இவர் காலையில என்ன செஞ்சார்னு மட்டும் சொல்லல," என்றாள் கத்தரி.

அறையே சிரித்தது. முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "மூணு வாரம் தர்றேன். நீங்களே செஞ்சு காட்டுங்க. சரிவரலன்னா இதை இழுத்து மூடிடலாம்."

கத்தரி ஒத்துக்கொண்டாள். தோற்றால், போன் எடுப்பவளுக்கு எதற்கு இந்த வேலை என்ற பேச்சு காலத்துக்கும் நிற்கும்.

பழைய அழைப்புப் பதிவுகளில் இருநூறைப் போட்டுக் கேட்டாள். பதில் சொல்லும் முன் தான் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொண்டோம் என்று குறித்தாள். லிஃப்டின் மாடல், திரையில் தெரியும் பிழை எண், இன்று செய்த வேலை, கடைசி இரண்டு பழுது, வண்டியில் இருக்கும் உதிரிபாகம். ஏஐக்கு இனி இந்த ஐந்தே வரி. கையேட்டில் அந்தப் பிழைக்கான பக்கம் மட்டும். மற்றதெல்லாம் வெட்டு.

இரண்டாம் வாரம் சோதித்துப் பார்த்தபோது, மின்சாரத்தை அணைக்கச் சொல்லாமலேயே மின்பெட்டியைத் திறக்கச் சொன்னது ஏஐ. விதிகளோடு அந்த எச்சரிக்கையையும் சேர்த்து வெட்டியது அவள் கைதான். எல்லாவற்றுக்கும் மேலே ஆறாவது வரியாக அதைச் சேர்த்தாள். தப்பைத் தானே போய் எல்லோரிடமும் சொன்னாள்.

கடைசி நாள் போன் அடித்தது. இடி. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். எல்லோரும் நாற்காலியைத் திருப்பினார்கள்.

"காலையில நான் ரிலே மாத்துனது அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அதை விட்டுட்டு பிரேக் சுவிட்சைப் பாருங்கன்னுச்சு. வண்டியில இருந்ததையே போட்டேன், லிஃப்ட் ஓடுது. அதுக்கும் முன்னாடி, பவரை அணைச்சீங்களான்னு ஒரு மிரட்டல் வேற!" இடி கொஞ்சம் நிறுத்தினார். "ஏம்மா, அதுக்குள்ள உன்னைத்தானே உக்கார வச்சிருக்காங்க?"

கத்தரி தலைமைப் பொறியாளரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"ஆமாண்ணே, நான்தான்."