மரத்தில் கட்டிய பூண்டுச் சாக்கு

நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சீமையத்தி மரத்தில் போன வாரம் ஒரு பழைய பூண்டுச் சாக்கைச் சுற்றிக் கட்டினேன். "பனிதான் முடிஞ்சிருச்சே, இப்ப எதுக்குப்பா சாக்கு?" என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். ஜீப்பில் சவாரி காத்திருந்தது. பதில் சொல்லாமல் போய்விட்டேன். எழுதி வைத்தால் நிதானமாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

இது உங்கள் பெரியம்மா செய்த வேலை. உங்கள் அம்மாவுக்கு அக்கா, எனக்கு மதினி. அட்டுவம்பட்டியில் அவர் வீட்டுக்கு முன்னால் இரண்டு சீமையத்தி மரங்கள் இருந்தன. அந்தப் பழத்தை உலர்த்தித்தான் கிறிஸ்துமஸ் கேக்கில் போடுவார். நீங்கள் பிறப்பதற்கு முன்பு ஒரு தை மாதத்தில் கடும் உறைபனி விழுந்தது. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்பைக் கொட்டியது போலக் கிடந்தது. மரங்களில் மிச்சமிருந்த இலைகள் வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துத் தொங்கின. அப்புறம் கிளைகளும் நுனியிலிருந்து சுருங்கிக் காய ஆரம்பித்தன. வீட்டில் இரண்டு அறைகளை டூரிஸ்ட்டுகளுக்கு விட்டிருந்த அவர் மகனுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. பட்டுப்போன மரங்களை எடுத்துவிடலாம் என்றான். ஈஸ்டர் வரைக்கும் பொறு என்றார் பெரியம்மா. அவனும் ஒப்புக்கொண்டான்.

மரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் எல்லோருக்கும் ஒரே வழிதான் தெரியும். நகத்தால் பட்டையைக் கீற வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பால்காரர் கீறினார். ஜெபம் பண்ண வந்தவர்கள் ஆமென் சொல்லிவிட்டு, போகிற வழியில் கீறினார்கள். நானும் கீறியிருக்கிறேன். கொஞ்ச நாளில் மரமெங்கும் கோடுகள். பனியில் காய்ந்தது எது, நாங்கள் கீறிக் காய்ந்தது எது என்று சொல்ல முடியவில்லை. ஒரு நாள் போனபோது இரண்டு மரத்துக்கும் தரையிலிருந்து கழுத்து உயரம்வரை சாக்கு கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்று, "என்னம்மா, பனி போனப்புறம் மரத்துக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க?" என்றார்.

"பனிக்கில்லண்ணே, ஒங்க நகத்துக்கு," என்றார் பெரியம்மா.

ஈஸ்டர் வந்து போனது. ஒரு துளிர்கூட இல்லை. "சித்தப்பா, நாளைக்கு வெள்ளனே வந்துருங்க, ஒத்தை ஆளா முடியாது," என்று மகன் கூப்பிட்டான். சாக்கை அவிழ்த்தோம். முதல் மரம் அடிவரைக்கும் காய்ந்திருந்தது, வேரோடு எடுத்தோம். இரண்டாவதை நெஞ்சு உயரத்தில் அறுத்தோம், சுள்ளி. முழங்கால் உயரத்தில் அறுத்தோம், சுள்ளி. பெரியம்மா வாசற்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலே ரம்பத்தை வைத்து நாலு இழுப்பு இழுத்ததும் அதன் பல்லெல்லாம் வெள்ளையானது. மகன் நிறுத்திவிட்டு அதை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அம்மா, பால் வருது."

"அப்ப ரம்பத்தை எடு. போயி வெரசா கையக் கழுவு, அரிக்கும்."

கோடை மழைக்குப் பிறகு அந்தக் கட்டையைச் சுற்றிப் புதுக் கிளைகள் வந்தன. இன்று அது மரமில்லை, புதர், ஆனாலும் காய்க்கிறது. அதனால்தான் அங்கே கார் எப்போதும் கோணலாக நிற்கிறது.

மரத்தைக் காப்பாற்றியது சாக்குத்தானா என்று ஒருமுறை மதினியிடமே கேட்டேன். "அது மரத்துக்குக் கட்டுனதில்ல தம்பி. நானும்தான் தெனம் கீறுனேன். அப்படியே பாத்துக்கிட்டே இருந்திருந்தா ஈஸ்டருக்கு முந்தி நானே வெட்டச் சொல்லிருப்பேன்," என்றார்.

அவர் இப்போது இல்லை. இந்த வருடப் பனி நம் மரத்தையும் கருக்கிவிட்டது. பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது, மழை வரட்டும். நேற்றுப் பார்த்தேன், சாக்குக்கு மேலே புதிதாக மூன்று கீறல்கள். இரண்டு உங்கள் கை எட்டும் உயரத்தில் இருக்கின்றன. மூன்றாவது உங்கள் அம்மாவின் உயரத்தில். நாளைக்குச் சாக்கை இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கட்டுகிறேன்.