விற்க மறுத்த டயர்கள்

ராயப்பேட்டையில் பழைய டயர் விற்றவர் அவர். காதில் பாதி பீடி. டயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தியே அதன் வயதைச் சொல்லிவிடுவார். பழுதான கார்களைத் தூக்கிப்போகும் வண்டியை நான் அப்போது ஓட்டினேன். பின்சக்கரங்களுக்கு மலிவான டயர் போதும் என்று முதலாளி அனுப்பியிருந்தார். நான் காட்டிய இரண்டையும் அவர் அழுத்திப் பார்த்தார்.

“உன் வண்டிக்குத் தர மாட்டேன்.”

“வாங்காம போனா என் வேல போயிடும்ணா.”

“காரைத் தூக்குனா வெயிட்டு மொத்தம் பின்னால தான குந்தும், நைனா. இது வெடிச்சா வேல மட்டுமா போவும்?”

நான் கிளம்பும்போது அதே டயர்களைப் படகு இடிபடாமல் ஓரத்தில் கட்டுவதற்கு ஒரு மீனவரிடம் விற்றுக்கொண்டிருந்தார். அன்றே என் வேலை போனது. அந்த டயர்க்காரர்மேல் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்று இன்றும் தெரியவில்லை.