என் வாளுக்குப் பெயர் இல்லை

பனை மட்டையின் கருக்கு உள்ளங்கையைக் கீறினால் முதலில் ஒன்றும் தெரியாது. அந்தக் கையோடு உப்புப் பாத்தியில் இறங்கிய பிறகுதான் சுரீரென்று எரியும். மரக்காணம் உப்பளத்தில் என் விடுமுறைகள் எல்லாம் அந்த எரிச்சலோடுதான் தொடங்கின, ஏனென்றால் எனக்கும் அண்ணனுக்கும் வாள் என்றால் பனை மட்டைதான். அப்பாவின் இன்ஜின் ஷெட்டில் கிடந்த இரும்புக் கம்பியைத்தான் அண்ணன் முதலில் வாளாக்கிப் பார்த்தான். உப்புக் காற்றில் அது ஒரே வாரத்தில் துருப்பிடித்து, சட்டையெல்லாம் கறையாகி, அம்மாவிடம் எங்களுக்குத் திட்டு வாங்கித் தந்தது. ஏரித் தண்ணீருக்கடியில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த வாள் பளபளவென்று மேலே வந்ததாகக் கதைகளில் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எழுதியவர் எங்கள் பக்கம் வந்திருக்கவே மாட்டார்.

அப்பா அளத்துக்குக் கடல்தண்ணீர் இறைக்கும் இன்ஜினை ஓட்டினார். உப்பு விளையும் மாதங்களில் ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறையில்தான் குடித்தனம். நாலு பக்கமும் வெள்ளைப் பாத்திகள், கூப்பிடு தூரத்தில் என் வயதில் ஒரு குழந்தை கிடையாது. என்னைவிட ஏழு வயது மூத்த அண்ணன் வானூரில் விடுதியில் தங்கிப் படித்தான். லீவுக்கு வரும்போது, அங்கே நூலகத்தில் படித்த வெளிநாட்டு மாயக் கதைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வருவான். வானத்திலிருந்து விழுந்த கல்லை உருக்கி அடித்த வாள், ராட்சதப் பாம்பின் மூச்சில் காய்ச்சிய வாள், அப்பன் கையில் உடைந்து மகன் கையில் ஒட்டிய வாள் என்று ஒவ்வொன்றின் பிறப்பையும் நேரில் பார்த்தவன் போலச் சொல்லுவான். நம் கூத்தில் வில்லுக்கும் சங்குக்கும் பெயர் உண்டு, வாளுக்கு அந்த மரியாதை குறைவு. ஆனால் பனி கொட்டுகிற நாடுகளின் பழங்கதைகளில் கடிப்பவன், பிளப்பவன் என்று வாளுக்குப் பெயர் வைத்துக் கொஞ்சினார்கள் என்பதும், இன்றைய கதைக்காரர்கள் அங்கிருந்துதான் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பதும் பின்னாளில் நானாகத் தெரிந்துகொண்டவை.

அண்ணன் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்றுதான். "பேரு இல்லாத வாளு வெறும் குச்சி. ஆனா அவனவன் வாளுக்கு அவனே பேரு வச்சிக்கக் கூடாது. அது செஞ்ச காரியத்த யாரு பாத்தாங்களோ அவங்கதான் வைக்கணும்." வரப்பில் என்னைத் துரத்திய நாயை அவன் மட்டையை ஓங்கி விரட்டியதால், அவன் வாளுக்கு 'நாய்விரட்டி' என்று பெயர் வைத்தேன். இன்னும் கொஞ்சம் கம்பீரமாக ஏதாவது வை என்று கெஞ்சினான். சட்டம் சட்டம்தான் என்று விட்டேன். என் வாளுக்கு எப்போது என்று கேட்டால், "உன் வாளு இன்னும் ஒண்ணுமே செய்யலியே பாப்பா. செய்யட்டும், வைக்கிறேன்" என்பான்.

அது செய்வதற்குள் அவன் பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் போனில் அவன் குரல் வரும், சாப்பிட்டாயா, படிக்கிறாயா என்ற இரண்டு கேள்வியோடு போய்விடும். மற்ற நாட்களில் நானும் மட்டையும்தான். யாரும் பார்க்காத இடத்தில் எவ்வளவு வீசினாலும் வாளுக்குப் பெயர் வராது என்பதை அந்தக் கோடை முழுக்க வரப்பில் நடந்து நடந்து உணர்ந்தேன்.

அப்பாவும் அம்மாவும் ஒரு சாவுக்குப் போயிருந்த மதியம், கடல் பக்கம் திடீரென்று கறுத்துக் காற்று கிளம்பியது. அப்பா கட்டிவிட்டுப் போன தார்ப்பாயின் கயிறு அறுந்து, உப்புக் குவியலின் ஒரு பக்கம் திறந்துகொண்டது. ஒரு மழை போதும், அந்த மாதத்து உழைப்பு கரைந்து வாய்க்காலில் போய்விடும். பாயின் நுனியை இழுத்துப் பிடித்து, அறுந்த கயிற்றை மட்டையில் சுற்றி, மட்டையை வரப்புச் சேற்றில் குத்தி, மழை விடும்வரை அதன்மேல் என் முழு பாரத்தையும் போட்டுக் கிடந்தேன். காற்று இழுத்த இழுப்பில் மட்டை வளைந்தது, ஆனால் முறியவில்லை. நான் தனியாக இருக்கிறேன் என்பதை அன்றுதான் பயந்து பயந்து அறிந்தேன்.

மழை விட்டதும் அறுந்த கயிற்றை நானே முடிந்து வைத்தேன். வந்து பார்த்த அப்பா, "நான் கட்டுன கட்டு, பாத்தியா!" என்று மார்தட்டிக்கொண்டார். நடந்ததைச் சொல்ல வேண்டியது அண்ணனிடம். போனில் சொன்னால் செல்லாது என்று நானே முடிவு செய்து பொங்கல் வரைக்கும் வாய் திறக்காமல் இருந்தேன்.

பொங்கலுக்கு அண்ணன் புது ஷூவும் புது முடிவெட்டுமாக வந்தான். அவனும் நேரில் பார்த்ததுபோல ஆகட்டும் என்று, குவியல் இருந்த இடத்துக்கே கூட்டிப்போய், மட்டையைக் கையில் கொடுத்து, காற்று எந்தப் பக்கம் வந்தது என்பதுவரை சொன்னேன். பாதி கேட்டான், பாதி போனைப் பார்த்தான். பிறகு என் தலையைத் தடவி, "இன்னுமா இதெல்லாம் வச்சினு இருக்க? நீயே எதனா பேரு வச்சிக்கோ பாப்பா" என்றான். பாசமாகத்தான் சொன்னான். அதனால்தான் கோபப்படக்கூட வழியில்லாமல் போனது. அந்த இடத்தில் நின்றபடியே நான் தன்னந்தனி ஆளாகிவிட்டேன்.

வளர்ந்த பிறகு அண்ணன் சொன்ன மாதிரி வாள் கதைகளைத் தேடித் தேடிப் படித்தேன். எத்தனையோ நாயகர்கள் தங்கள் வாளுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொள்கிறார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. அண்ணன் சொன்ன சட்டம் நான் படித்த எதிலுமே இல்லை. அளத்தில் தனியாகக் கிடக்கும் தங்கைக்கு, விளையாட இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும் என்பதற்காக, அவன் உண்டாக்கிய சட்டம் அது என்று புரிந்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

கடற்கரைச் சாலையை அகலமாக்கியதில் ஷெட்டும் எங்கள் அறையும் போய்விட்டன. மட்டையை அம்மா எப்போதோ வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். போன மாதம் பேசும்போது, வாளுக்குப் பெயர் வைக்கும் அந்தச் சட்டத்தை எப்படி யோசித்தாய் என்று கேட்டேன்.

"எந்தச் சட்டம்?" என்றான்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அவன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று விசாரித்தேன்.