சிலுவைக்குக் கொஞ்சம் கீழே

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நான் கோப்பை கழுவும் சாப்பாட்டுக்கடை, திருத்தவேலைக்காக ஒரு கிழமை பூட்டிக் கிடந்தது. அங்கே பரிமாறும் என் சிநேகிதன் வான் ஓட்ட, சமைக்கும் அண்ணையையும் ஏற்றிக்கொண்டு ஜூரா பக்கம் ஒரு பனிச்சறுக்கு மலைக்குப் போனோம். செப்டெம்பர் மாதம். குளிர்காலத்தில் சனம் வழுக்கி இறங்கும் சரிவெல்லாம் புல். ஆட்களை மேலே தூக்கும் கதிரைகள் கம்பியில் சும்மா தொங்க, கீழே மாடுகள் மேய்ந்தன.

வானால் இறங்கியதும் அண்ணை சொன்னார்: "உச்சியிலை சிலுவை இருக்காம். அதைத் தொடுமட்டும் நான் வாய் திறக்கமாட்டன். மனிசியின்ரை விசாவுக்கு நேர்த்திக்கடன்."

அவருடைய மனைவி மன்னாரில். இரண்டு தரம் விசா மறுத்துவிட்டார்கள். மூன்றாவது விண்ணப்பம் போட்டிருந்தார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிநேகிதனின் காதில் சொன்னேன்: "பாரன், மேலை போகமுதல் அண்ணையைக் கதைக்க வைக்கிறன்."

"வேண்டாமடா. பாவம்."

"சும்மா பகிடிதானே."

ஏறத் தொடங்கியதும் நானும் தொடங்கினேன். "அண்ணை, சனிக்கிழமை உங்கடை ஆட்டுக்கறியிலை உப்பில்லையாம். உண்மையெண்டால் பேசாமல் இருங்கோ."

சிரித்தார். விரலை ஆட்டினார். பேசவில்லை.

"அண்ணை, இந்த மாடு கேக்குது, நீங்கள் எந்த ஊராம்?"

அதற்கும் இல்லை. சிலுவை தெரியத் தொடங்கிவிட்டது. தோற்கப்போகிறேன் என்று ரோசம் வந்தது. புல்லில் விழுந்து நாலு உருட்டு உருண்டேன். "ஐயோ, கால்! கால் முறிஞ்சுபோச்சு!"

"தம்பி! டேய், அசையாதை!" அண்ணை கத்திக்கொண்டு ஓடிவந்தார். சப்பாத்து நூலை அவிழ்த்து, கணுக்காலை அமத்திப் பார்த்தார். "இஞ்சையோ நோகுது? இஞ்சையோ?"

நான் சிரித்துவிட்டேன். "வெண்டிட்டன், மச்சான்!"

சிநேகிதன் சிரிக்கவில்லை. அண்ணையின் கை என் காலிலேயே இருந்தது. பிறகு, அவிழ்த்த நூலைத் திரும்பக் கட்டிவிட்டார். எழும்பிக் கீழே நடந்தார்.

"அண்ணை, சிலுவை மேலையல்லோ?"

"அடியிலையிருந்து திரும்ப ஏறவேணும்," என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பின்னாலேயே நாங்களும் இறங்கினோம். வான் நின்ற இடத்தில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார். இனி நான் கேட்டால் அவர் பதில் சொல்லவேண்டி வரும். அந்த மன்னிப்பையும் என்னால் கேட்க முடியாமல் போய்விட்டது.

இரண்டாம் தரம் அவருக்கு மூச்சு வாங்கியது. கதிரைக் கம்பம் ஒவ்வொன்றிலும் கைவைத்து நின்று நின்று ஏறினார். எதிரே இறங்கிவந்த வயதான வெள்ளைக்காரச் சோடி "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னது. அண்ணை தலையை மட்டும் ஆட்ட, அவர்களின் முகம் சுருங்கியது. அவருக்கும் சேர்த்து நான் சொன்னேன். மேலே போகும்வரை நான் பேசியது அது ஒன்றுதான்.

சிலுவையைத் தொட்டு, கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். பிறகு, "வாங்கோடா, சாப்பிடுவம்," என்றார்.

விசாவுக்கு இன்னும் முடிவு வரவில்லை. கடைக் குசினியில் அவருடைய போன் அடித்தால் என் பகிடி பாதியில் நின்றுவிடும். நேற்றும் அடித்தது. யாரோ விளம்பரக்காரன். போனை வைத்துவிட்டு அண்ணை என்னைப் பார்த்தார்.

"என்னடா, வாயை மூடிட்டாய்? நீயும் நேர்த்தியோ?"

கழுவிவைத்த கோப்பையை எடுத்துத் திரும்பக் கழுவினேன்.